செவ்வாய்க்கிழமை வாசித்த இரத்தம்

பிரியாவிடை நாளில் எனக்கு ஒரு மரத்தட்டுத் தந்தார்கள். சோதனைக் குழாய்களை நிறுத்தி வைக்கிற பழைய தட்டு. முன்வரிசையில் பத்துத் துளை, பின்வரிசையில் பத்துத் துளை. விளிம்பில் பித்தளைத் தகடு அடித்து என் பெயரையும் நான் வேலை செய்த ஆண்டுகளையும் வெட்டியிருந்தார்கள். கேக் வெட்டினோம். ஒருவர் என்னை விடால் மன்னன் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு, தட்டைச் சாப்பாட்டறை மேசைக்குக் கீழே காலால் தள்ளிவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் திவ்வியா போன் எடுத்தாள். ஆய்வுகூடத்தில் எனக்குப் பக்கத்து மேசை. இரண்டு வயதில் இந்த ஊருக்கு வந்த பிள்ளை.

"அங்கிள், ராக்கை மறந்து விட்டிட்டுப் போட்டியள்."

"மறக்கேல்லை பிள்ளை."

"வாட்? வேணுமெண்டோ விட்டனீங்கள்? ஸ்ரோர் ரூமுக்குள்ளை கிடந்ததை நான்தான் தேடி எடுத்து பொலிஷ் பண்ணினனான். சீரியஸ்லி அங்கிள், ஐ ஆம் ஹேர்ட்."

"குறை நினையாதை. ஏன் விட்டனான் எண்டதை எழுதி அனுப்புறன்."

"தமிழிலையோ? எனக்கு ஸ்லோவாத்தான் வாசிக்க வரும்."

"ஸ்லோவா வாசிக்கவேண்டிய விசயம்தான்."

ஆகவே எழுதுகிறேன். மெதுவாக வாசி.

ஆய்வுகூடங்களை ஒன்றோடொன்று சேர்க்கிறார்கள். நாங்கள் நாலுபேர் ஒரு நாள் முழுக்கச் செய்த வேலையை ஓர் இயந்திரம் மத்தியானத்துக்கு முதல் செய்து முடித்துவிடுகிறது. ஐம்பத்துமூன்று வயதில் என்னை வீட்டுக்கு அனுப்பியதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அதே கையோடு விடால் சோதனையைப் பட்டியலில் இருந்து வெட்டினார்களே, அதில் ஒரு சொட்டுக் கவலை இல்லை. பத்து வருடம் முந்தி வெட்டியிருக்க வேண்டும். வெட்டவிடாமல் பிடித்து நின்றவன் நான். அந்தக் கையில்தான் தட்டைக் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

நான் படித்த கதை சுருக்கம். ஊரில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் உதவியாள், கொழும்பில் இரண்டு வருடப் படிப்பு, பிறகு கலவரம், பிறகு விமானம். ரொறன்ரோவில் முதல் இரண்டு குளிர்காலம் குழாய் கழுவினேன். பரீட்சை எழுதினேன், தவறினேன், திரும்ப எழுதினேன். ஸ்காபரோவில் ஓர் ஆஸ்பத்திரியின் நுண்ணுயிர்ப் பகுதியில் வெள்ளைக் கோட் தந்தார்கள். அங்கே பொறுப்பாக இருந்தவர் டொரத்தி.

டொரத்தி கிழக்குக் கடலோரத்துத் தீவொன்றில் பிறந்தவர். உயரம். பேச்சு மிகக் குறைவு. சட்டைப் பையில் சிவப்புப் பேனா ஒன்று, சாவி ஒன்று, வேறெதுவும் இல்லை. ஒரு சோதனையை நான் வாசித்து எழுதி முடித்தபின் வருவார். என் தாளைப் பார்க்கமாட்டார். குழாயைக் கழுத்தில் இரண்டு விரலால் பிடித்து யன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்துவார். பின்னால் கறுப்பு அட்டை. விரல் நுனியால் ஒரே ஒரு தட்டு. அந்த நேரத்தில் மூச்சுக்கூட விடமாட்டார் போலிருக்கும். பிறகுதான் "சொல்" என்பார். நான் எண்ணைச் சொல்வேன். சரியென்றால் சரி என்று சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. தாளில் சிவப்பில் ஒரு கையெழுத்து விழும். பிழையென்றால் குழாயைத் தட்டில் வைத்துவிட்டு "மறுபடியும்" என்பார். பன்னிரண்டு வருடத்தில் அவரிடம் நான் அதிகம் கேட்ட சொல் அதுதான்.

விடால் என்பது ரைபோயிட்டுக்கான இரத்தச் சோதனை. எங்கள் ஊரில் நெருப்புக் காய்ச்சல் என்போமே, அது. ரைபோயிட் கிருமிக்கு உடம்பும் உண்டு, நீந்துவதற்கு வாலும் உண்டு. கிருமி குடலுக்குள் இறங்கிவிட்டால் எங்கள் இரத்தம் அதைப் பிடிப்பதற்கு அன்ரிபொடி செய்யத் தொடங்கும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பிறபொருளெதிரி என்று பாடமாக்கினோம். உடம்பைப் பிடிப்பதற்கு ஒன்று, வாலைப் பிடிப்பதற்கு இன்னொன்று. முதலாவதை ஓ என்போம், இரண்டாவதை எச் என்போம்.

நோயாளியின் இரத்தத்தை உறையவிட்டு, சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை மட்டும் எடுக்கவேண்டும். முதல் குழாயில் உப்புநீரோடு கலக்கவேண்டும். அதில் பாதி அடுத்த குழாய்க்கு. அதில் பாதி அதற்கு அடுத்ததற்கு. இருபதில் ஒன்று, நாற்பதில் ஒன்று, எண்பதில், நூற்றறுபதில், முந்நூற்றிருபதில், அறுநூற்றிநாற்பதில். குழாய்க்குக் குழாய் இரத்தம் மெலிந்துகொண்டே போகும். பிறகு எல்லாவற்றிலும் செத்த கிருமியை ஊற்றி வெந்நீர்த் தொட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். காலையில் வாசிப்பு. அன்ரிபொடி இருந்தால் கிருமிகள் ஒன்றையொன்று பிடித்துத் திரளும். ஓ என்றால் அடியில் சுண்ணாம்புத் தூள்போலப் படியும். எச் என்றால் பஞ்சு. நவம்பர் கடைசியில் விழுகிற முதல் பனியைக் குழாய்க்குள் அடைத்தது போல. கடைசியாக எந்தக் குழாயில் திரண்டிருக்கிறதோ, அந்தக் குழாயின் எண்தான் முடிவு.

இவ்வளவுதான். அழகான வேலை. அழகு என்பதாலேயே நான் அதை நம்பினேன்.

நம்பியிருக்கக் கூடாது. ஓ சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும். எச் போகாது. எப்போதோ வந்து மாறிய காய்ச்சலுக்கும் நிற்கும், தடுப்பூசிக்கும் நிற்கும், வருடக் கணக்கில் நிற்கும். வேறு ஏதாவது சாதாரணக் காய்ச்சல் வந்தால்கூட, கேற் திறக்கிற சத்தத்துக்கு எழும்புகிற நாய்போல அது எழும்பிக் குரைக்கும். கள்ளன் வந்தானா, தபால்காரன் வந்தானா என்று அதற்குக் கவலையில்லை. எச் மட்டும் உயர்ந்து ஓ அசையாமல் இருந்தால் அது ஞாபகம். நோய் இல்லை. இது எனக்குத் தெரியும். கொழும்பில் இரண்டாம் வருடத்திலேயே தெரியும்.

ஆனால் ரிப்போர்ட்டில் அதை எழுதக்கூடாது. டொரத்தியின் சட்டம். "நாங்கள் எண் கொடுக்கிறோம். கதை சொல்ல வைத்தியர் இருக்கிறார்." எழுதவேண்டுமென்று ஒருமுறை கேட்டதற்கு அந்தச் சிவப்புப் பேனாவின் மூடியைப் பூட்டிவிட்டு நடந்துபோனார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் விடாலை நிறுத்தப் பார்த்தார். வருடத்துக்கு நாலைந்து வந்தால் பெரிது; அதற்காகக் கிருமிக் கலவை வாங்கி வைப்பதா என்றார். சரியாக அந்த நேரம்தான் எங்கள் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அஜின்கோர்ட்டில் எங்கள் தமிழ் டாக்குத்தர் ஒருவர் கிளினிக் திறந்தார். ஊரில் படித்தவர், ஊரில் இருபது வருடம் காய்ச்சல் பார்த்தவர். அவருடைய கை மருந்துச் சீட்டில் தானாகவே விடால் என்று எழுதும். அவர் மறந்தாலும் ஆட்கள் விடமாட்டார்கள். "டொக்டர், அப்பிடியே நெருப்புக் காய்ச்சலுக்கும் ஒருக்காப் பாத்துவிடுங்கோ." இருமலுக்கு விடால். சளிக்கு விடால். ஊரில் பாதிப்பேருக்கு அந்தக் காய்ச்சல் வந்திருக்கும், மீதிப்பேருக்கு ஊசி போட்டிருக்கும். அந்த இரத்தத்தில் விடால் செய்தால் எண் வராமல் என்ன வரும்?

நான் டொரத்தியிடம் வாதாடினேன். எங்கள் சனத்துக்கு இது தேவை என்றேன். நானே செய்கிறேன் என்றேன். என் மேசை, என் தட்டு, என் வேலை. ஒரு நாட்டில் கழுவுகிறவனாக இருந்து வாசிக்கிறவனாக மாறியவனுக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்று சொல்லத் தேவையில்லை. அவர் விட்டுக்கொடுத்தார். நான் வென்றேன்.

பவளம் எங்கள் கட்டடத்தில் நாலாம் மாடி. வோபர்னில் அந்தப் பதினாறு மாடிக் கட்டடத்தில் நாங்கள் பதினோராம் மாடி. அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஆறு வயது மகளோடு தனியே வந்தவள். புருசன் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார். அவரைக் கூப்பிடுவதற்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அதற்கு வேலை செய்யும் இடத்தில் இருந்து ஒரு கடிதம் தேவை, நிரந்தர வேலை என்று எழுதிய கடிதம். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. ஆறு மாதம் முடிந்தால் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஐந்தாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. பின்னேரத்தில் இடியப்பம் அவித்துக் கட்டடத்துக்குள் விற்பாள். கமலா, என் மனைவி, புதன்கிழமைக்கு ஐம்பது இடியப்பமும் சம்பலும் சொல்லி வைத்திருந்தாள்.

அந்தக் குளிர்காலம் அந்த இல்லத்தில் சில முதியவர்களுக்கு வயிற்றோட்டம் வந்தது. நாலைந்து நாளில் அடங்கிவிட்டது. குளிர்காலத்தில் வருகிற வைரஸ்தான் என்று பிறகு சொன்னார்கள். ஆனால் சமையலறை ஆட்கள் எல்லோரும் தங்கள் வைத்தியரிடம் போய் வரவேண்டும் என்று உத்தரவு. பவளத்துக்கு அந்த நேரம் தடிமனும் காய்ச்சலும். எங்கள் டாக்குத்தரிடம் போனாள். அவருடைய கை விடால் என்று எழுதியது. முதல் இரத்தத்தில் எச் நூற்றறுபது, ஓ இருபது. பத்து நாள் கழித்து இரண்டாவது இரத்தம் எடுத்து அனுப்பினார், ஏறுகிறதா என்று பார்க்க.

ஏறியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் வாசித்தேன். எச் அறுநூற்றிநாற்பது. ஓ அதே இருபது. குழாயில் ஒட்டியிருந்த பெயர் எனக்குத் தெரிந்த பெயர். டொரத்தி தூக்கிப் பார்த்தார், "சொல்" என்றார், சிவப்பில் கையெழுத்திட்டார். இரண்டு எண். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. தாள் புதன்கிழமைத் தபால் பையில் போவதற்குத் தட்டில் விழுந்தது.

அன்று மாலை நான் செய்ததை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய். வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றினேன். கமலா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கமலா, இந்தக் கிழமை இடியப்பம் வேண்டாம்."

"ஏனப்பா? பிள்ளையள் கேக்குங்கள்."

"வேண்டாம் எண்டால் விடுமன். காரணம் கேளாதை."

"பவளத்தின்ரையையோ? அவவுக்கு ஏதும்..."

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

இதுதான் நான் சொன்னது. ஓர் ஆய்வுகூடக்காரன் ஒன்றும் சொல்லவில்லை என்று சொன்னால் அதைவிடப் பெரிய ரிப்போர்ட் உலகத்தில் உண்டா? எனக்கே தெரியும் அது ஞாபகம், நோய் இல்லை என்று. தெரிந்துகொண்டு சொன்னேன். ஒரு கிழமை பொறுத்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். கமலா போனைத் தூக்கி, வயிற்றுக்குச் சரியில்லை, இந்த முறை வேண்டாம் என்று பவளத்துக்குச் சொன்னாள். பிறகு ஏழாம் மாடியில் தன்னுடைய சிநேகிதிக்கும் எடுத்தாள். அவளும் காரணம் கேட்டிருப்பாள். இவளும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள்.

வியாழக்கிழமை டாக்குத்தர் பவளத்தைக் கூப்பிட்டு விடயத்தைச் சொன்னார். வெள்ளிக்கிழமை இல்லத்தில் கோட்டைக் கழற்றவிடாமல் வாசலிலேயே வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். ரைபோயிட் காவி, கிருமியைச் சுமந்து திரிகிறவள் என்று தாதி மேற்பார்வையாளர் சொன்னாராம். அந்தச் சொல்லை மொழிபெயர்க்க அவளுக்கு ஒருவர் தேவைப்படவில்லை.

சனிக்கிழமை அடித்தளத்தில் உடுப்புத் தோய்க்கிற அறையில் அவளைக் கண்டேன். இரண்டு பெண்கள் தங்கள் ஈர உடுப்பை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். இயந்திரம் இன்னும் முடியவில்லை. ஈரமாகவே எடுத்துக்கொண்டு போனார்கள்.

பவளம் அவர்களைப் பார்க்கவில்லை. "அண்ணை, நீங்கள் லாப்பிலைதானே. நெருப்புக் காய்ச்சல் எண்டால் படுத்தால் எழும்பேலாது, எனக்குத் தெரியும். நான் நிக்கிறன், நடக்கிறன். எனக்கெப்பிடி அது வரும்?"

"ஊரிலை எப்பவாவது வந்ததோ?"

"இல்லை."

"ஊசி போட்டவங்களோ?"

அவள் நினைத்துப் பார்த்தாள். "இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்துக்குள்ளை இருக்கேக்கை போட்டவங்கள். லைன்லை விட்டு, ஒரு ஊசியாலை பத்துப் பேருக்கு. கை வீங்கி இரண்டு நாள் காய்ச்சல். பிறகு ஒரு மாதம் கழிச்சு இன்னொண்டு."

"கார்ட் ஏதும் தந்தவங்களோ?"

முதல் தடவையாகச் சிரித்தாள். "அண்ணை, பள்ளிக்கூடத்துக்குக் கூரையே இல்லை. கார்ட்டோ?"

இயந்திரம் நின்றது. அவள் உடுப்பை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். மகளின் சின்னச் சட்டைகள். "அடுத்த மாதம் கடிதம் தாறன் எண்டவங்கள்" என்று சட்டைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

பதினோராம் மாடிக்கு லிஃப்ற் ஏறுகிற அவ்வளவு நேரமும் எனக்குக் காதுக்குள் இரைந்தது. உலகத்திலே இல்லாத அநியாயம். அவள் கொண்டுவந்தது சூட்கேஸ் ஒன்று, பிள்ளை ஒன்று, ஒரு கை நிறைய அன்ரிபொடி. குண்டுக்கும் மழைக்கும் நடுவில் யாரோ ஒரு சுகாதார உத்தியோகத்தன் தன் கடமையைச் செய்தான்; அவள் உடம்பும் தன் கடமையைச் செய்தது; வருடக் கணக்கில் அந்தப் பாடத்தை மறக்காமல் வைத்திருந்தது. இங்கே அகதி வழக்கில் ஒவ்வொன்றுக்கும் அத்தாட்சி கேட்கிறார்கள். எந்தக் கடதாசியும் இல்லாதவளின் இரத்தம் ஓர் அத்தாட்சியைத் தூக்கிக் காட்டியது. அதைக் குற்றமாக எழுதிக்கொண்டார்கள்.

டாக்குத்தருக்குப் போன் எடுத்தேன். "ஐயா, ஓ ஏறேல்லை. எச் மட்டும்தான். பழைய ஊசி."

"இருக்கலாம் தம்பி. ஆனால் ரிப்போர்ட்டிலை அப்பிடி ஒண்டும் இல்லையே. நம்பர் நாலு மடங்கு ஏறிக் கிடக்கு. முதியோர் இல்லம், சமையல்காரி. பிறகு ஏதும் நடந்தால் என்ரை லைசென்ஸ்."

அவரை வையலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. எண்ணை மட்டும் கொடுத்தது நாங்கள். கதையை அவர் தனக்குத் தெரிந்தபடி எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை டொரத்தியின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். பவளத்தின் தாளின் பிரதியை வைத்தேன். "இதில் ஒரு வரி சேர்க்கவேண்டும். எச் மட்டும் உயர்ந்தால் அது முன்பு போட்ட தடுப்பூசியாக இருக்கலாம் என்று."

"நாங்கள் எண் கொடுக்கிறோம்."

"அந்த எண்ணால் ஒரு பெண்ணை வாசலில் வைத்துத் துரத்தியிருக்கிறார்கள். ஊரில் ஊசி போட்டவள், அதற்கு அட்டை இல்லை."

"அது வைத்தியரோடு பேசவேண்டிய விடயம்."

நான் திரும்பிப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்தேன். இரண்டாவது தட்டில் சின்னச் சின்னக் குப்பிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரே எழுத்து, டி. அதை எல்லோரும் தினமும் தொட்டோம், யாரும் யோசித்ததில்லை. ரைபோயிட் கிருமியைக் கையாள்கிறவர்கள் என்பதால் எங்கள் எல்லோருக்கும் தடுப்பூசி போட்டிருந்தது. டொரத்தியின் உடம்பு அந்த ஊசியை அபாரமாகப் பிடித்துக்கொண்டது. அவருடைய எச் அறுநூற்றிநாற்பதுக்குக் கீழே இறங்கியதே இல்லை. அதனால் ஒவ்வொரு முறை விடால் செய்யும்போதும், சரியாகத் திரண்டால் எப்படியிருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அந்தக் குப்பிகளில் இருந்த அவருடைய இரத்தநீரையே பக்கத்தில் வைத்துச் செய்தோம். வருடக் கணக்காக. பவளத்தின் குழாய்களுக்குப் பக்கத்திலும் அந்தச் செவ்வாய்க்கிழமை டொரத்தியின் குழாய்கள் நின்றன. அதே பஞ்சு. அதே எண்.

குப்பியைக் கொண்டுபோய் அவர் மேசையில் தாளுக்கு மேல் வைத்தேன்.

டொரத்தி அதைப் பார்த்தார். குப்பியின் மேல் குளிர் வியர்த்து தாளில் ஒரு வட்டம் ஊறியது. பிறகு சட்டைப் பையில் இருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, பவளத்தின் தாளில் தன் கையாலேயே ஒரு வரி எழுதினார். என் வரியைவிட நல்ல வரி. கீழே கையெழுத்து. டாக்குத்தரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார், இல்லத்தோடு பேச அவரிடம் அனுமதி கேட்டார். பிறகு தாதி மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"என் இரத்தத்திலும் அந்த எண்தான். பல வருடமாக. நான் இன்றிரவு என் கணவருக்குச் சமைக்கலாமா, கூடாதா?"

மறுமுனை என்ன சொல்கிறது என்று அவர் முகத்தில் தெரிந்தது. "ஆம், எனக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது. அவளுக்கும் போட்டிருக்கிறது." கொஞ்ச நேரம் கேட்டார். "அட்டையா? இல்லை, அவளிடம் அட்டை இல்லை." மறுபடியும் கேட்டார். பிறகு என் வாழ்க்கையில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்ட ஒரே தடவை: "அம்மா, நீங்கள் கையில் வைத்திருக்கிற தாள்தான் அந்த அட்டை."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இனி ஒவ்வொரு விடாலுக்கும் அந்த வரி போகும். நீயே ரைப் செய்." பேனாவை மூடிக்கொண்டு சொன்னார், "மறுபடியும் செய்ய வைக்காதே."

இதோடு நியாயம் வென்றது என்று யாராவது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். இல்லம் உடனே கூப்பிடவில்லை. மூன்று முறை மலம் சோதித்துக் கிருமி இல்லை என்று காட்டவேண்டும் என்றது. சமையலறைக்குத் திரும்புகிறவரிடம் அதைக் கேட்பது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் டொரத்தியிடம் யாரும் கேட்கவில்லையே. என்னிடமும் கேட்கவில்லை. மூன்று தடவை பவளம் ஒரு சின்னப் பெட்டியைப் பிரவுண் பையில் சுற்றி, மார்க்கம் ரோட் பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டு போனாள். மூன்று தடவையும் ஒன்றும் வளரவில்லை. அதில் கடைசி இரண்டையும் நான் பார்த்தேன். கிருமி வளர்க்கிற தட்டில் ரைபோயிட்டின் அடையாளமே இல்லை. டொரத்தியின் குரல் உயர்ந்து, ஒரு வெள்ளைக்காரியின் இரத்தம் பிணை நின்று, அதற்குப் பிறகு மூன்று பெட்டி மலம். அப்போதுதான் அவளை உள்ளே விட்டார்கள். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. ஒரு மாதம் அவளுக்கு மட்டும் தனிக் கையுறைப் பெட்டி வைத்திருந்தார்களாம், மூடியில் அவள் பெயர் எழுதி.

எங்கள் கட்டடம் மட்டும் என்ன? மருந்துக் கடையில் வேலை செய்கிறவர், ஊரில் விஞ்ஞானம் படிப்பித்தவர், எல்லோரும் இருந்த கட்டடம். லிஃப்ற்றுக்குள் பவளம் ஏறினால் பிள்ளைகளைத் தோளில் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார்கள். கிருமி என்ன, காற்றில் பறந்து வந்து தோளில் குந்துகிற பறவையா? வைத்தியர் சரியென்று சொன்ன பிறகும், இல்லம் திருப்பி எடுத்த பிறகும், இடியப்பத்துக்கு ஒருவர்கூடச் சொல்லவில்லை. இதையெல்லாம் நான் அந்தக் காலத்தில் போகிற வீடெல்லாம் சொல்லிச் சண்டை பிடித்தேன். ஒரு பிறந்தநாள் வீட்டில் கையில் ரோல்ஸை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் எச்சுக்கும் ஓவுக்கும் வித்தியாசம் விளங்கப்படுத்தினேன். எங்கள் சனத்தின் மடைமையைப் பற்றி என்னைவிட உரத்துப் பேசியவர் அந்த வருடம் ஸ்காபரோவில் இருக்கமுடியாது.

பிறகு ஒரு புதன்கிழமைப் பின்னேரம் பவளம் எங்கள் கதவைத் தட்டினாள். கையில் வெள்ளித்தாளால் மூடிய தட்டு. கமலா வேலையால் வரவில்லை.

"கடிதம் தந்திட்டாங்கள் அண்ணை. நேற்று விண்ணப்பத்தோடை சேத்து அனுப்பிப்போட்டன்."

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. வாசலில் நின்றே தட்டை நீட்டினாள்.

"இடியப்பம். வழமையான ஐம்பதுதான். சம்பல் கீழை இருக்கு."

"இதெல்லாம் ஏன் பவளம்?"

"நீங்கள் செய்ததை மறக்கேலாது. லாப்பிலை உங்கட பெரியவா கதைச்சதெல்லாம் டொக்டர் சொன்னவர். எனக்கு உங்களிலை கோவமில்லை." தட்டு என் கைக்கு வந்துவிட்டது, அவள் கை இன்னும் அதன் விளிம்பில் இருந்தது. "ஒண்டு மட்டும் கேக்கிறன். டொக்டர் எனக்குச் சொன்னது வியாழக்கிழமை. அதுக்கு முதல் எனக்கே ஒண்டும் தெரியாது. அக்கா இடியப்பம் வேண்டாமெண்டு போன் பண்ணினது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை ஏழாம் மாடி, ஒன்பதாம் மாடி, எல்லாம் நிண்டுபோச்சு. உங்கட வீடுதான் அண்ணை முதல். எனக்குத் தெரியாத வருத்தம் அக்காவுக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

அவளுக்குப் பதில் தேவைப்படவில்லை. கையை எடுத்துக்கொண்டாள். "ஆறமுதல் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு, லிஃப்ற்றுக்குக் காத்திருக்காமல் படியால் இறங்கிப் போனாள். ஏழு மாடி. கடைசிப்படி வரைக்கும் அவள் செருப்புச் சத்தம் கேட்டது.

நானும் கமலாவும் அந்த இடியப்பத்தைச் சாப்பிட்டோம். ஐம்பதையும் சாப்பிட்டு முடித்தோம்.

இப்போது விளங்குதா பிள்ளை, நான் ஏன் உன் தட்டை விட்டுவிட்டு வந்தேன் என்று? இல்லத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். டாக்குத்தர் மேல், ஈர உடுப்போடு ஓடினவர்கள் மேல், எண்ணை மட்டும் கொடுத்துவிட்டுக் கைகழுவுகிற சட்டத்தின் மேல், எல்லாவற்றின் மேலும் கோபம்தான். அவர்கள் எல்லோருக்கும் ஒரு சாட்டு இருந்தது: தெரியாது. அவர்கள் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

பவளத்தின் ரிப்போர்ட் எங்கேயோ ஒரு பெட்டிக்குள் இன்னும் இருக்கும். இரத்தம் வந்த நேரம் அதில் இருக்கிறது. வாசித்த நேரம் இருக்கிறது. டொரத்தி கையெழுத்திட்ட நேரம் இருக்கிறது. நான் வாய் திறந்த நேரம் மட்டும் இல்லை. செவ்வாய்க்கிழமை, மாலை ஆறரை மணி, தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது.

அந்தத் தட்டை நான் எடுக்கத்தான் வேண்டுமென்றால், பித்தளையில் இருக்கிற ஆண்டுகளைச் சுரண்டிவிட்டு அந்த நேரத்தை வெட்டித் தா. வந்து வாங்கிக்கொள்கிறேன்.